சூதாட்டப் பழக்கத்துக்கு கவுன்சலிங்: யாருக்கு எது பொருந்தும்?

வீட்டில் ஒருவர் சூதாட்டத்தில் மாட்டிக்கொண்டது தெரிந்ததும், சுற்றி இருப்பவர்கள் சொல்லும் முதல் யோசனை "ஒரு நல்ல கவுன்சலிங்குக்குக் கூட்டிட்டுப் போங்க" என்பதுதான். யோசனை சரியானது. ஆனால் அந்தக் குடும்பம் அடுத்து எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிடும். ஏனென்றால் கவுன்சலிங் என்ற ஒரே பெயரில் நடப்பவை பல. ஆலோசகரோடு வாரம் ஒருமுறை தாளும் பேனாவுமாக உட்கார்ந்து வேலை செய்வதும் கவுன்சலிங்தான். பழக்கத்தை விட்டவர்கள் ஒன்றாகக் கூடித் தங்கள் கதையைச் சொல்வதையும் அப்படித்தான் சொல்கிறார்கள். போனில் அரை மணி நேரம் பேசுவது, மனைவி மட்டும் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வருவது எல்லாமே அந்தப் பெயரில்தான் வருகின்றன. ஒன்று சரிப்படாத இடத்தில் இன்னொன்று சரிப்படும். அதனால்தான் இந்த ஒப்பீடு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழக்கத்தை விட வேண்டும் என்று ஓரளவாவது நினைப்பவருக்கு, சூதாட்டத்துக்கென்றே வடிவமைத்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது தவறான எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் சிபிடி, முதலில் தேட வேண்டியது. பணத்தின் சாவியை வேறொருவர் கையில் கொடுக்காமல் அதைத் தொடங்குவதில் பெரிய பயன் இல்லை. வர மறுப்பவருக்கு வழி வேறு. அதையும் கீழே சொல்கிறேன்.

தேர்வு செய்வதற்கு முன்

எப்போதாவது நண்பர்களோடு சீட்டு விளையாடுகிறவருக்கு சிகிச்சை தேவையில்லை. அது நோயாக மாறிவிட்டதா என்று பார்க்க, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டில் 9 அறிகுறிகள் இருக்கின்றன. பன்னிரண்டு மாதத்துக்குள் நான்கு அல்லது அதற்கு மேல் இருந்தால் சூதாட்டக் கோளாறு என்று கணக்கு. அதே கையேட்டில்தான் இது முதல்முறையாக மது, போதைப்பொருள் பழக்கங்களோடு ஒரே பிரிவில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன், திருட்டு உந்துதல் போன்ற கோளாறுகளோடு வைத்திருந்தார்கள். இது சின்ன விஷயம் அல்ல. "புத்தி சொன்னால் திருந்திவிடுவான்" என்று நினைக்கும் உறவினர்களுக்கு, இது புத்தி சொல்லித் தீர்கிற விஷயம் இல்லை என்று எடுத்துக்காட்ட இது ஒன்றே போதும்.

வீட்டிலேயே கேட்டுப் பார்க்க இரண்டே கேள்விகள் போதும். பந்தயப் பணத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா? எவ்வளவு விளையாடினோம் என்பதை வேண்டியவர்களிடம் மறைத்துப் பொய் சொல்ல நேர்ந்திருக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு 'ஆமாம்' வந்தாலும் முறையான பரிசோதனைக்குப் போக வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கப்படும் பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலருக்கு சூதாட்ட உந்துதலைக் கிளப்பிவிடும். அரிபிப்ரசோல் என்ற மனநல மருந்துக்கும் இதே எச்சரிக்கை 2016-இல் அமெரிக்காவில் கொடுக்கப்பட்டது. வாழ்நாளில் சூதாட்டமே ஆடாத ஒரு பெரியவர் திடீரென்று பணத்தைக் கொட்ட ஆரம்பித்தால், முதலில் அவருடைய மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மருந்தைத் தானாக நிறுத்தவும் கூடாது. அதை மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சூதாட்டக் கடனில் இருப்பவர்களிடம் தற்கொலை எண்ணம் மிக அதிகம். "நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நிம்மதி" என்ற பேச்சு வந்துவிட்டால் எந்த சிகிச்சை நல்லது என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. அவரைத் தனியாக விடாமல், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

சிபிடி: தாளும் பேனாவும்

சூதாடுகிறவர் மனதில் சில கணக்குகள் ஓடிக்கொண்டே இருக்கும். 'இத்தனை முறை தோற்றாச்சு, இனி ஜெயித்தே ஆகணும்.' 'ஒரு எண்ணில் போச்சு, கிட்டத்தட்ட வந்துடுச்சு.' 'விட்டதை மட்டும் பிடிச்சுட்டு நிறுத்திடலாம்.' சிபிடி நேராக இந்தக் கணக்குகளில் கை வைக்கிறது.

1913 ஆகஸ்ட் 18 அன்று மொனாக்கோவின் மாண்டி கார்லோ சூதாட்ட விடுதியில், சிவப்பு, கறுப்புக் கட்டங்களில் பந்து உருண்டு விழும் ரூலெட் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பே விழுந்தது. ஒவ்வொரு முறையும், அடுத்தது சிவப்புதான் என்று நம்பி மேலும் மேலும் பணத்தைக் கட்டிப் பெரும் தொகையை இழந்தார்கள். சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது. பத்துத் தடவை கறுப்பு விழுந்த பிறகும் பதினோராவது சுற்றில் சிவப்புக்கான வாய்ப்பு அதே அளவுதான். சொன்னால் யாருக்கும் புரியும். ஆனால் பந்தயம் கட்டும் நேரத்தில் அது நினைவில் நிற்பதில்லை. கிட்டத்தட்ட ஜெயித்துத் தோற்பதும் அப்படித்தான். அப்படித் தோற்கும்போது, ஜெயிக்கும்போது இயங்கும் மூளைப் பகுதிகள் சில இயங்குவதாக 2009-இல் வந்த ஒரு மூளைப் படப்பிடிப்பு ஆய்வு காட்டியது. தோற்றவர் எழுந்து போகாமல் இன்னொரு ஆட்டம் ஆடுவது ஏன் என்பது இதிலிருந்து கொஞ்சம் விளங்கும்.

அமர்வு எப்படி நடக்கும்? ஒரு தாளில் கட்டங்கள் போட்டிருக்கும். எப்போது, எங்கே, கையில் எவ்வளவு, யாரோடு, பந்தயத்துக்குச் சற்று முன் மனதில் ஓடிய வாக்கியம் என்ன, முடிவில் என்ன ஆயிற்று. அதில் ஒருவர் இப்படி எழுதிக்கொண்டு வரலாம்: "வெள்ளி ராத்திரி. சம்பளம் வந்திருந்தது. வீட்டில் எல்லாரும் தூங்கியாச்சு. போன வாரம் விட்டதை மட்டும் எடுத்துட்டு நிறுத்திடலாம்னு நினைச்சேன்." ஆலோசகர் திட்டமாட்டார், அறிவுரையும் சொல்லமாட்டார். "இதுக்கு முன்னாடி எப்பவாவது, விட்டதை எடுத்த பிறகு நிறுத்தியிருக்கீங்களா?" என்று கேட்பார். பதில் வர நேரமாகும். அடுத்த வெள்ளி இரவுக்கு என்ன ஏற்பாடு என்று அங்கேயே உட்கார்ந்து எழுதுவார்கள்: சம்பளம் யார் கணக்குக்குப் போகும், போன் எந்த அறையில் இருக்கும், உந்துதல் வந்தால் முதலில் யாருக்குப் பேசுவது, அந்த இரண்டு மணி நேரத்தை எதால் நிரப்புவது. உந்துதல் ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தானாகவே இறங்கும். அது இறங்கும்வரை தாக்குப்பிடிப்பதை ஒரு திறமையாகவே பழக்குகிறார்கள்.

இதற்கு ஆதாரம் எவ்வளவு? ஆய்வாளர் நான்சி பெட்ரியும் அவர் குழுவும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் 231 பேர் இருந்தார்கள். ஒரு பிரிவினரை சுய உதவிக் குழுவுக்குப் போகச் சொன்னார்கள், அவ்வளவுதான். இன்னொரு பிரிவினருக்கு அதோடு சிபிடி பயிற்சிப் புத்தகம் ஒன்று. மூன்றாவது பிரிவினருக்குக் குழுவோடு, ஆலோசகருடன் நேரடியாக 8 சிபிடி அமர்வுகள். சிபிடி சேர்ந்த பிரிவுகளில் சூதாட்டம் கூடுதலாகக் குறைந்தது. சில அளவுகோல்களில் புத்தகத்தைவிட நேரடி அமர்வு மேலாக இருந்தது. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012-இல் 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், சிகிச்சை முடிந்த முதல் மூன்று மாதங்களில் சிபிடி நல்ல பலன் தருவதாகத் தெரிந்தது. அந்தப் பலன் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு அந்த ஆய்வுகளில் போதிய சான்று இல்லை என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. இதை மறைத்துவிட்டு "எட்டே வாரத்தில் முழு விடுதலை" என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

குறையும் உண்டு. எழுதணும், ஒவ்வொரு வாரமும் வரணும், முகத்துக்கு நேரே பணக் கணக்கைச் சொல்லணும். பாதியில் நின்றுவிடுபவர்கள் அதிகம். ஒரு தடவை சறுக்கிவிட்டால் ஆலோசகரின் முகத்தில் முழிக்க வெட்கப்பட்டு அதோடு வராமலே போவது சாதாரணமாக நடக்கிறது. நல்ல ஆலோசகர் முதல் நாளே, "சறுக்கினா அன்னைக்குக் கண்டிப்பா வாங்க" என்று சொல்லிவைப்பார்.

"எனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்பவருக்கு

மாற வேண்டும் என்ற எண்ணமே வராதவரிடம் கட்டம் போட்ட தாளைக் கொடுத்தால் அது குப்பைக்குத்தான் போகும். அவருக்குப் பொருந்துவது ஊக்க நேர்காணல் என்ற முறை. இதில் ஆலோசகர் வாதாடுவதில்லை.

"விளையாடுறதுல உங்களுக்குப் பிடிச்சது என்ன?"

"அந்த நேரத்துல வேற டென்ஷன் எதுவும் தெரியாது சார்."

"முடிஞ்சதுக்கு அப்புறம்?"

"அப்புறம்... வீட்டுக்குப் போக மனசு வராது."

அந்தக் கடைசி வரியைச் சொன்னவர் ஆலோசகர் அல்ல, அவரேதான். மனைவியும் அம்மாவும் நூறு தடவை சொல்லி ஏறாதது, தன் வாயாலேயே வரும்போது ஏறுகிறது. ஓரிரு சந்திப்புகளில் முடிந்துவிடுவதும், போனிலேயே செய்ய முடிவதும் இதன் வசதி. கனடாவில் டேவிட் ஹாட்ஜின்ஸ் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், சுய உதவிப் புத்தகம் மட்டும் பெற்றவர்களைவிட, அதோடு ஒரே ஒரு ஊக்க நேர்காணல் தொலைபேசி அழைப்பும் பெற்றவர்களுக்கு நல்ல முன்னேற்றம் இருந்தது. கடன் குறைவாக, வேலையும் குடும்பமும் இன்னும் கையில் இருக்கும் கட்டத்தில் இருப்பவருக்கு இதுவே போதுமானதாகக்கூட இருக்கலாம். ஆழமாகப் போய்விட்டவருக்கு இது சிபிடிக்குள் நுழைய வழி திறக்கும், அவ்வளவுதான்.

குழு: இரண்டு வகை, குழப்பிக்கொள்ள வேண்டாம்

கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் என்ற சுய உதவிக் குழு 1957-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கியது. மதுவை விடுபவர்களுக்கான பன்னிரண்டு படி முறையைத் தழுவியது. கட்டணம் கிடையாது, பெயர் வெளியே வராது, நடத்துபவர்களும் பழக்கத்திலிருந்து மீண்டவர்களே. "என்னைப் போல இன்னொருத்தன் இருக்கான்" என்று முதல்முறை தெரியவரும்போது கிடைக்கும் ஆறுதலை எந்த ஆலோசகராலும் கொடுக்க முடியாது. அந்த ஒன்றுக்காகவே பல வருடம் விடாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முழுக்க விடுவது ஒன்றே அதன் இலக்கு. படிகளில் வரும் ஆன்மிகச் சாயல் சிலருக்கு ஒட்டாது. முதல் ஓரிரு கூட்டங்களோடு நின்றுவிடுபவர்களும் ஏராளம். மேலே சொன்ன பெட்ரியின் ஆய்வை இங்கேயும் நினைவில் வையுங்கள்: "குழுவுக்குப் போ" என்று சொல்லி அனுப்புவது மட்டும் சிகிச்சைக்கு ஈடாகவில்லை.

இன்னொரு வகை, பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் நடத்தும் குழு சிபிடி. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத்தான் முன்னால் வைக்கிறது. குழு ஒத்துவராதவர்களுக்குத் தனி அமர்வு. கட்டம் போட்ட தாளும் உண்டு, கூடவே உட்கார்ந்து கேட்பவர்களும் உண்டு. ஒருவர் சொல்லும் சாக்கை அடுத்தவர் உடனே பிடித்துவிடுவார், ஏனென்றால் அதே சாக்கை அவரும் சொல்லியிருப்பார். கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். பலர் முன் பேசவே முடியாத அளவு கூச்சமோ பதற்றமோ உள்ளவரை மட்டும் இதில் தள்ளாதீர்கள்.

அவர் வரமாட்டார் என்றால் நீங்கள் போங்கள்

இதைத்தான் குடும்பங்கள் யோசிப்பதே இல்லை. "அவருக்குத்தானே பிரச்சினை, நான் ஏன் போகணும்?" என்பார்கள். சூதாடுகிறவர் ஒத்துழைக்காத வீட்டில், முதலில் ஆலோசகரைப் பார்க்க வேண்டியவர் மனைவியோ கணவனோ பெற்றோரோதான். கடன்காரர் வாசலில் நிற்கும்போது என்ன செய்வது, எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது, எந்த நேரத்தில் பேச்சை எடுக்கலாம், குழந்தைகளிடம் என்ன சொல்வது எல்லாம் அங்கே கற்றுக்கொள்ளலாம். குடும்பத்தினருக்கென்றே கேம்-அனான் என்ற சுய உதவிக் குழுவும் இருக்கிறது.

மிக முக்கியமானது கடனை அடைப்பது பற்றிய முடிவு. நகையை விற்று, நிலத்தை விற்று, "இந்த ஒரு தடவை" என்று அடைத்துவிடுவது அன்பினால் நடப்பது. அந்த அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சிகிச்சை தொடங்காமல் கடனை மட்டும் அடைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். இப்படி அடுத்தவர் பணத்தை நம்பிப் பிழைப்பதும் டிஎஸ்எம்-5 சொல்லும் அறிகுறிகளில் ஒன்று. அடைத்தே ஆக வேண்டிய கடன் என்றால், பணம் அவர் கைக்கே போகாமல் நேராகக் கடன் கொடுத்தவரிடம் போகட்டும். அதுவும் சிகிச்சையில் சேர்ந்த பிறகு.

பணத்தைப் பூட்டுவது, மருந்து, தானாக விடுவது

இவை மூன்றும் கவுன்சலிங் அல்ல. ஆனால் அதற்கு மாற்றாகச் சொல்லப்படுபவை.

பணப் பூட்டு சிகிச்சை ஆகாது; அது இல்லாமல் சிகிச்சை நிலைக்காது. கவுன்சலிங் பலன் தர வாரக்கணக்கில் ஆகும், போனில் பணம் போக ஒரு நிமிடம் போதும். சம்பளத்தை வேறொருவர் மேற்பார்வையில் உள்ள கணக்குக்கு மாற்றுவது, அட்டைகளை ஒப்படைப்பது, கடன் வரம்பைக் குறைப்பது, பந்தயத் தளங்களைத் தடுக்கும் மென்பொருள் போடுவது எல்லாம் முதல் வாரத்திலேயே நடக்க வேண்டும். "என்னை உள்ளே விடாதீர்கள்" என்று தானே எழுதிக் கொடுக்கும் சுயவிலக்கு முறை அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் 1996-இல் வந்தது. இப்போது பல நாடுகளில் உண்டு. இணைய சூதாட்டத்துக்கும் பிரிட்டனில் கேம்ஸ்டாப் போன்ற ஏற்பாடு இருக்கிறது. ஒரு கதவு அடைந்தால் பதிவு செய்யாத இன்னொரு தளம் திறந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் உந்துதல் இறங்க வேண்டிய அந்தக் கொஞ்ச நேரத்தை இது வாங்கிக் கொடுக்கும்.

மருந்தில் நால்ட்ரெக்ஸோன் என்ற ஒன்றுதான் குறிப்பிடத்தக்கது. மது, ஓபியாய்டு (ஹெராயின் போன்ற அபின் வகை) பழக்கங்களுக்குக் கொடுக்கப்படும் அதே மருந்து. சூதாட்டக் கோளாறுக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அங்கீகரித்த மருந்து எதுவும் இல்லை. கவுன்சலிங் மட்டும் போதாதபோது, மனநல மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும். ஆனால் மனச்சோர்வோ குடிப்பழக்கமோ கூடவே இருந்தால் கதை வேறு. அவற்றுக்கான சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் சேர்த்தே செய்ய வேண்டும்.

"நானே விட்டுடறேன்" என்பதையும் பொய் என்று ஒதுக்க முடியாது. அமெரிக்காவின் இரண்டு தேசிய ஆய்வுத் தரவுகளை வைத்து 2006-இல் வந்த கட்டுரையில், ஒரு காலத்தில் இந்தக் கோளாறு இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானோர் கடந்த ஓராண்டில் அறிகுறி இல்லாமல் இருந்தார்கள். சிகிச்சையோ சுய உதவிக் குழுவோ தேடிப் போனவர்கள் பத்தில் ஒருவர் அளவுதான். ஆக, தானாக மீள்வது நடக்கிறது. எந்த மூன்றில் ஒருவர் என்பதுதான் முன்கூட்டித் தெரியாது. எனவே தானே முயல்பவருக்கு ஒரு கெடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: பணப் பூட்டு போட்ட பிறகும் ஒரு மாதத்தில் மீண்டும் ஆடினால் ஆலோசகரிடம் போவது என்று.

சரி, யாருக்கு எது?

பிளாசின்ஸ்கி, நோவர் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-இல் சூதாட்டக் கோளாறு வரும் வழிகளை மூன்றாகப் பிரித்தார்கள். தேர்வு செய்ய அது உதவும். ஜெயித்த சுகமும் தவறான கணக்கும் சேர்ந்து பழக்கமாகிப் போனவர் ஒரு வகை. இவருக்கு சிபிடி, சில சமயம் சில அமர்வுகளே கூட, நன்றாக வேலை செய்யும். பழைய துயரமோ மனச்சோர்வோ தாங்காமல் அதை மறக்க ஆடுபவர் இரண்டாவது. இவரிடம் ரூலெட் கணக்கை மட்டும் பேசிப் பயனில்லை. அந்த வலிக்கும் இடம் கொடுக்கும் நீண்ட தனி அமர்வு வேண்டும். எல்லாவற்றிலும் அவசரமும் அடங்காத உந்துதலும் சிறு வயதிலிருந்தே உள்ளவர் மூன்றாவது. இவருக்கு மனநல மருத்துவர், ஆலோசகர், இறுக்கமான பணக் கட்டுப்பாடு மூன்றும் சேர்ந்தே வேண்டும். குழுவுக்கு மட்டும் அனுப்பிவிட்டு நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

நேரிலா, போனிலா, இணையத்திலா என்று ரொம்பக் குழம்ப வேண்டாம். வெட்கத்தால் வாசல்படி ஏறாதவருக்குப் போன் நல்ல தொடக்கம். ஆனால் அதே போனில்தான் அவர் சூதாடுகிறார் என்றால், முடிந்தவரை நேரில் போவதே நல்லது.

ஆலோசகரிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: சூதாட்டப் பழக்கம் உள்ளவர்களோடு இதற்கு முன் வேலை செய்திருக்கிறீர்களா? எத்தனை அமர்வு, என்ன முறை? குடும்பத்தினரை எப்போது சேர்ப்பீர்கள்? இடையில் மறுபடி ஆடிவிட்டால் என்ன செய்வீர்கள்? "அதெல்லாம் பேசிப் பார்த்துக்கலாம்" என்று மழுப்பினால் வேறொருவரைத் தேடுங்கள். போகும்போது கடந்த சில மாதங்களின் வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்துச் செல்லுங்கள். வாயால் சொல்லும் தொகை பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

அப்புறம், கடைசி அமர்வோடு தொடர்பை அறுத்துக்கொள்ளாதீர்கள். மறுபடி சறுக்குவது இந்தக் கோளாறில் சகஜம். கையில் திடீரென்று பணம் வரும்போதும் வீட்டில் சண்டை வரும்போதும் ஆபத்து அதிகம். சிகிச்சை முடிவதற்குள்ளேயே மூன்றாவது மாதத்துக்கும் ஆறாவது மாதத்துக்கும் சந்திப்புத் தேதி குறித்து வாங்கிவிடுங்கள். எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்று தோன்றினாலும் அந்தத் தேதியில் போய் உட்காருங்கள்.